கதவுக்குப் பூப் போட்டுப் பார்த்தது

என் கைப்பேசியில் நான்கு காணொளிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நான்கிலும் நான் இருக்கிறேன். தொலைக்காட்சிப் பட்டிமன்றம், தோற்கப் போகிற அணியில் இரண்டாவது நாற்காலி. ஒவ்வொரு முறையும் ஏழு நிமிடம் பேசினேன், இரண்டரை நிமிடம் ஒளிபரப்பினார்கள், அதிலும் பாதி நேரம் நடுவர் சிரிப்பதைத்தான் காட்டினார்கள். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு, நான் ஒரு பிரபலம் என்று ஏறக்குறைய ஒன்றரை வருடம் மனப்பூர்வமாக நம்பிவந்தேன். பஸ்ஸில் யாராவது இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால், அடையாளம் காண்பதற்குத் தோதாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொள்வேன், தொலைக்காட்சியில் கண்ணாடி இல்லாமல் இருந்தேன் என்பதால். தேனியிலிருந்து போடி வரைக்கும் ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டு வந்ததும், என் பை அவர் காலின் மேல் இருப்பதாகச் சொன்னார்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. அதே காலத்தில் ஒரு சிற்றிதழில் பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினேன். நடிகர்களும் சாமியார்களும் சபைகளும் கோயில் கமிட்டிகளும் வாக்காளரிடம் இன்னாருக்குப் போடு என்று சொல்லக் கூடாது, அவரைத் தனியாக யோசிக்க விட வேண்டும் என்பது அதன் சாரம். கட்டுரை வெளிவந்த மூன்றாவது மாதம் நகராட்சித் தேர்தல் வந்தது. நான் ஒரு ஜீப்பின் மேல் ஏறி நின்று, மைக்கைப் பிடித்து, இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் எனக்கு ஓட்டுகூடக் கிடையாது. என் வீடு சாலைக்கு இந்தப் பக்கம், அடுத்த வார்டு.

சாலைக்கு அந்தப் பக்கம்தான் மலையேறும் ஜீப்புகள் நிற்கும். காலை ஐந்து மணிக்கே பெண்கள் தூக்குவாளியோடு வந்துவிடுவார்கள். ஜீப்பு நிறைந்தால்தான் கிளம்பும். கிளம்பி, வளைவு வளைவாகப் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் இறங்கி, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் ஆண்கள் எந்த வளைவிலும் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்கள் முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பத்து வருடமாக மாடியில் காப்பி குடித்துக்கொண்டே அந்த ஜீப்புகளைப் பார்த்திருக்கிறேன். பனியும் விளக்குமாக ரம்மியமான காட்சி என்று எழுதியும் இருக்கிறேன். இந்தத் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது.

நகராட்சி அந்த இடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியது. நாலு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, வாசலில் குழாய். திறப்பதற்கு முன்பே பூட்டு விழுந்தது. எதிரே அம்மன் கோயில். ஆத்தா கண்ணுக்கு எதிரிலேயா கக்கூஸ் கதவு என்று கோயில் கமிட்டி கேட்டது. நகராட்சி ஆபீசில் ஆத்தாளோடு வழக்காட யாரும் தயாராக இல்லை. சாவி கமிட்டித் தலைவரின் இடுப்புக்குப் போனது. பிறகு உள்ளே பந்தல் கம்பிகள், சீரியல் பல்புகள், இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் எல்லாம் குடியேறின. ஆத்தாளுக்குக் கழிப்பறைதான் ஆகாது, அதற்குள்ளிருந்து எடுத்துவரும் ஒலிபெருக்கி ஆகும் என்பதைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை.

என் மனைவியின் சிநேகிதி ஒருவர் அந்த வார்டில் இருக்கிறார். சிலமலையில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலை. அவருடைய மகள் மலைக்குக் காயெடுக்கப் போகிறவள். தண்ணீர் குடிக்காமல் போய்ப்போய், சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். பதினைந்தாம் நாள் அவள் மறுபடியும் ஜீப்பில் ஏறினாள், தண்ணீர் குடிக்காமல். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகமே போய்விடும் என்று டாக்டர் சொன்னதைத் தாயார் மகளிடம் சொல்லவில்லை. கமிட்டியிடம் மூன்று முறை போய்ச் சாவி கேட்டார். கிடைக்கவில்லை. தேர்தல் அறிவித்ததும் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார். எதிரே கமிட்டித் தலைவரே ஒரு கட்சியின் ஆதரவோடு நின்றார்.

என்னிடம் அவர் கேட்டுவந்தது ஒரே ஒரு நோட்டீஸ். நாலு வரி போதும் என்றார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கிரேக்கத்து மக்களாட்சி, சோழர் காலத்துக் குடவோலையெல்லாம் வந்தது. என் மனைவி அதை வாங்கி, ஒரு பேனாவை எடுத்து, நாலு வரியாக ஆக்கினாள். நாலாவது வரி மட்டும் என்னுடையது, அதிலும் ஒரு சொல்லை மாற்றியிருந்தாள்.

அதோடு நான் நின்றிருக்கலாம். நம்ம முகம் நாலு பேருக்குத் தெரிந்த முகம், நானே வந்து பேசுகிறேன் என்றேன்.

"எதுக்கண்ணே உங்களுக்குச் சிரமம்" என்றார்.

அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மறுபடியும் சொன்னேன். வெயில் கடுமையாக இருக்கிறதே என்றார். என்னிடம் தொப்பி இருப்பதாகத் தெரிவித்தேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி சுவரைப் பார்த்தாள்.

அதற்குள் தலைவர் ஒரு நடிகரை இறக்கிவிட்டார். ராத்திரித் தொடரில் மருமகள்களுக்காக உருகும் மாமனாராக வருகிறவர். திறந்த வேனில் கும்பிட்டபடி தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே, மூத்த மருமகளை ஏன் வீட்டைவிட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டாள். அவர் மைக்கிலேயே, தப்புதாம்மா, சீக்கிரம் கூட்டி வந்துடுறேன் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அரசியலைப் பற்றி அவர் பேசியது இரண்டே வாக்கியம். வார்டு எண்ணை உள்ளங்கையில் எழுதிவைத்திருந்ததை நான் பார்த்தேன். இந்தத் தேயிலை மண்ணை மறக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைக்கிற தெருவில் நின்றுகொண்டு. யாரும் திருத்தவில்லை. நான் பெட்டிக்கடை ஓரமாகத் தொப்பிக்குள் நின்று, இவருக்கு இந்த ஊரே தெரியாது, தலைவரைத் தெரியாது, கழிப்பறை தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்தில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் சாயந்தரம் என் முறை. ஒரு ஜீப்புக்காரர் வண்டி கொடுத்தார். அடுப்பு எதுவும் அணையவில்லை. வாக்காளரின் மனசாட்சி, அது எவ்வாறு புறச் சக்திகளால் களவாடப்படுகிறது என்று பதினைந்து நிமிடம் பேசினேன். கழிப்பறைக்கு இன்னும் வந்துசேரவில்லை. அப்போது வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். அடையாளம் கண்டுவிட்டார் என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினேன்.

"சார், டிவில ஒரு நா மருமக பக்கம் பேசுனீக. இன்னொரு நா மாமியா பக்கம் பேசுனீக. இப்ப உங்களுக்கு எந்தப் பக்கம் குடுத்திருக்காக?"

அவர் கிண்டல் செய்யவில்லை. விவரம் கேட்டார். நான் கண்ணாடியை மறுபடி மாட்டுவதற்குள் வேட்பாளர் என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கும் தண்ணி குடிக்காமத்தான் மல ஏறணுமா?" என்று கேட்டுவிட்டு, மைக்கை ஜீப்புக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அந்த ஒரு கேள்வி தலைவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி முழங்கியது: தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பங்களெல்லாம் கோயிலுக்கு வரவும், ஆத்தாளிடம் பூப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

இங்கே எதற்கும் பூப் போட்டுப் பார்ப்பார்கள். சம்பந்தம் பேசலாமா, கிணறு வெட்டலாமா, வெளியூர் போகலாமா. செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம்; இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் வைத்து நாரால் கட்டி, ஆத்தா காலடியில் போட்டு, கூட்டத்தில் இருக்கிற ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் பதில். மற்றதைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அன்றைய கேள்வி: சிவப்பு வந்தால் எல்லாத் தலைக்கட்டும் தலைவருக்கே ஓட்டுப் போட வேண்டும், வெள்ளை வந்தால் அவரவர் இஷ்டம்.

நான் பன்னிரண்டு பக்கம் எழுதிய பிரச்சினையை இரண்டு பொட்டலத்தில் அடக்கிவிட்டார்கள் என்று தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது. சிவப்பு வந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டிலும் சிவப்புதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து தேர்தல் அதிகாரிக்குப் புகார் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, இரண்டு முறை படித்து ரசித்தேன். அனுப்பவில்லை. ஆதாரம் வேண்டுமே என்று காரணம் சொல்லிக்கொண்டேன். காலையில் ஆதாரத்தைத் தேடிக் கோயிலுக்குப் பின்னால் போனேன். கழித்த பூவையெல்லாம் அங்கே ஒரு மூலையில் குவித்துவைப்பார்கள். குடைக்கம்பியால் கிளறினேன். எலுமிச்சம்பழத் தோல், அறுந்த மாலை, ஊதுவத்திக் குச்சி. கடைசியில் நாரால் கட்டிய, பிரிக்காத ஒரு பொட்டலம். பிரித்தேன். வெள்ளை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆக, தலைவர் யோக்கியமாகத்தான் நடந்திருக்கிறார். ஒரு மனிதரை, ஒரு கோயிலை, ஏன் ஒரு தெய்வத்தையே சந்தேகப்பட்டுவிட்டேனே என்று உண்மையிலேயே குன்றிப் போனேன். விளக்குமாறோடு வந்த பூசாரி என்னையும் பொட்டலத்தையும் பார்த்தார்.

"நேத்துப் போட்ட பூவு இப்பிடியா சருகாக் கெடக்கும்? அது செவ்வாக்கெழம ஒருத்தரு போர் போடலாமான்னு கேட்டது, சார்" என்றார்.

பெருக்க ஆரம்பித்தார். நேற்றையது எங்கே என்று கேட்டேன். தலைவர் கையோடு எடுத்துப் போய்விட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன சந்தேகம் இருமடங்காகத் திரும்பி வந்தது.

நேரே வேட்பாளர் வீட்டுக்குப் போனேன். இதை நோட்டீஸாக அடித்துவிடலாம், தலைப்புகூட வைத்துவிட்டேன் என்றேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தலைவரு பொய் சொன்னாரு, ஆத்தா பொய் சொல்லலன்னு நாம பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, ஆத்தாளையே ஏசுறோம்னு ஆயிருமண்ணே" என்றார்.

பிறகு சோற்று டப்பாவை மூடியபடி, நானும் தலைக்கட்டு வரி கட்டுகிறவள்தானே என்றார். வரி கட்டுகிற எந்தக் குடும்பமும் பூக் கேட்கலாம். ஓட்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. கதவைத் திறந்தால் உனக்குக் கோபம் வருமா என்று ஆத்தாளிடமே கேட்டுவிடலாம் என்றார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நகராட்சி கட்டிய கட்டிடம், வரிப் பணம், உரிமை; இதைப் பூவிடம் கேட்பதா? நாளைக்கு இதையே வழக்கமாக்கிவிடுவார்களே என்று விளக்கினேன். நான் சொன்னது சரிதான். இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன்.

டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

"பூவு நாந்தானேண்ணே வாங்கியாரப் போறேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கிய ஜீப்புகள் எல்லாம் கோயில் வாசலில் நின்றன. ஏலக்காய்ப் பால் கறை படிந்த விரல்களோடு பெண்கள் அப்படியே உள்ளே வந்து நின்றார்கள். அவருடைய மகளும் இருந்தாள், உதடு வெடித்து. தலைவர் ஓடிவந்தார். வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று, பூப் போடக் கூடாது என்று எந்த வேட்பாளர் சொல்வார்? வெள்ளை வந்தால் திறக்கலாம், சிவப்பு வந்தால் பூட்டியே கிடக்கட்டும் என்று கேள்வி வைத்தார்கள். என் வேட்பாளர் வாங்கிவந்து கொடுத்த கூடையிலிருந்து பூவை எடுத்து, பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினார். ஒரு பெண் குழந்தை குனிந்து எடுத்தது.

வெள்ளை. குலவைச் சத்தத்தில் என் கண்ணாடி அதிர்ந்தது.

தலைவரை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். முகம் சுருங்கியது ஒரு நொடிதான். அடுத்த நொடி இடுப்பிலிருந்து சாவியை உருவி, ஆத்தா உத்தரவு என்று சொல்லி, தானே போய்ப் பூட்டைத் திறந்தார். திறக்கும்போது பாதியில் நிறுத்தி, படம் எடுப்பவர் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்தார். பந்தல் கம்பிகள் வெளியேறின. மறுநாள் அவர் சுவரொட்டியில் அந்தப் படம் இருந்தது. சொன்னதைச் செய்தவர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது வேறு. குலவைக்கு நடுவில், பிரிக்காத இன்னொரு பொட்டலம் என் காலிலிருந்து இரண்டடி தூரத்தில் கிடந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். போன வாரம் குப்பையைக் கிளறிய அதே கைதான். குனியவில்லை. என் பக்கம் தோற்றபோது வந்த ஆராய்ச்சி ஆர்வம் என் பக்கம் ஜெயித்தபோது எங்கேயோ போய்விட்டது. வேட்பாளர் வந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நிதானமாக என்னைப் பார்த்தார். நான் விளக்கு மாடத்தைப் பார்த்தேன்.

அவர் ஏமாற்றினாரா? தெரியாது. பூசாரிக்குத் தெரிந்திருக்கும், முதல் வெள்ளியும் அவருக்குத் தெரிந்திருக்கும், இரண்டாம் வெள்ளியும் தெரிந்திருக்கும். அல்லது இரண்டு வெள்ளியும் ஆத்தாளே நினைத்தபடி சொல்லியிருக்கலாம். அப்படியானால் என் கட்டுரையில் அவளுக்கும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். நடிகரிடம், தலைவரிடம், பூசாரியிடம் என்று வரிசையாக வைத்த சந்தேகத்தை இவரிடமும் வைத்துப் பார்த்தேன். ஒட்டவும் இல்லை, உதிரவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் மகள் வாசல் குழாயடியில் நின்று சொம்பு நிறையத் தண்ணீர் குடிப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். இதைத் தவறான வழியில் வந்த தண்ணீர் என்று எழுதுகிற துணிச்சல் எனக்கு வரவில்லை. சரியான வழி என்று எழுதவும் கை வரவில்லை.

தேர்தலில் அவர் தோற்றுப்போனார். தலைவர் மாலையோடு தெருவைச் சுற்றிவந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. தோல்விக்குக் காரணம் நடிகரா, முதல் வெள்ளியின் சிவப்பா, சுவரொட்டியா, அல்லது என் பேச்சா. இதைக் கண்டுபிடித்து இரண்டாவது கட்டுரை எழுதிவிடலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு ஒருநாள் காலை ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். கழிப்பறைக்கு வெளியே விளக்கு எரிந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், ஓட்டுப் போடும்போது உங்கள் மனதில் யார் சொன்னது நின்றது என்று கேட்டேன். நடிகரா, ஆத்தாளா என்று அடுக்கிவிட்டு, நானும் ஒருநாள் பேசினேன் என்று சேர்த்துக்கொண்டேன். இது பொம்பளைகள் வரிசை என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"ஓட்டா? அன்னைக்கு நாங்க பூராம் மலையிலதான இருந்தோம், சார். கேரளாவுல லீவு கெடையாது, கடைசி காயெடுப்பு வேற. இருந்து போட்டுட்டுப் போறோம்னுதான் சொன்னோம். 'கதவுதான் தொறந்தாச்சே, சோலியக் கெடுக்காதீக'ன்னு ஓட்டுக்கு நின்ன அந்த அக்காதான் வெரசா ஏத்தி அனுப்பிருச்சு."